குறையாத பெட்ரோல்

சென்ற மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம், தென் கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடியும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, வித்யாசாகர் சேதுவைக் கடந்து, ஹௌராப் பக்கத்துச் சாந்த்ராகாச்சியிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கோனா விரைவுச்சாலையில், வீட்டுக்கு இன்னும் ஒரு மைல்கூட இல்லை என்னும் இடத்தில், என்னுடைய பழைய அம்பாஸிடர் இரண்டு முறை இருமி, மூன்றாம் முறை இருமவும் சக்தியற்றுச் சாலையோரத்தில் நின்றுவிட்டது. டேஷ்போர்டைப் பார்த்தேன். பெட்ரோல் மீட்டரின் முள் நிறைவைக் குறிக்கும் கோட்டின்மேல் கொஞ்சமும் அசையாமல் நின்றது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது வண்டி நிற்குமானால் குற்றம் கார்புரேட்டரிலோ பம்பிலோ டிஸ்ட்ரிபியூட்டரிலோதான் இருக்கவேண்டும் என்று, தர்க்கசாஸ்திரம் கரைகண்டவன்போல நிச்சயித்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து, கை வைக்கத் தெரிந்த இடங்களிலெல்லாம் கை வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழிந்தது. பின்னால் லாரியை நிறுத்திவிட்டு இறங்கிவந்த டிரைவர் ஒருவர், என்னை ஒன்றும் கேளாமல் பெட்ரோல் மூடியைத் திறந்து, வண்டியின் பின்பகுதியில் தோளைக் கொடுத்து நாலு ஆட்டு ஆட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே தளும்பும் சத்தம் இல்லை. “தேல் நேய்” என்றார். வங்காளியில் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ‘தேல்’ என்பதே சொல். அது இல்லை என்பதைச் சொல்ல அவருக்கு இரண்டே வார்த்தைகள் போதுமாயிருந்தன.

யோசித்துப் பார்த்தபோதுதான், அந்த முள் மூன்று வாரங்களாக அந்த இடத்தைவிட்டு இறங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மணிமேகலைக்குக் கிடைத்த அமுதசுரபிபோல எடுக்க எடுக்கக் குறையாத டேங்க் ஒன்று எனக்குக் கிடைத்திருப்பதாக நான் நம்பிவிடவில்லைதான். ஆனாலும், ஒரு கருவி சந்தோஷமான சமாசாரத்தைச் சொல்லும்வரையில் அதன் யோக்கியதையை விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. முள் காலியைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தால் மறுநாளே மிஸ்திரியிடம் ஓடியிருப்பேன்.

வண்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாகவேண்டும். பிர்லா குடும்பத்தார் 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் சிறிய அளவில் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்துவிட்டு, 1948-இல் வங்காளத்துக்கு வந்து, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தரபாராவில் பெரிய தொழிற்சாலை அமைத்தது. ஹௌராவிலிருந்து பர்த்வான் போகும் ரயில் பாதையில் ‘ஹிந்த் மோட்டார்’ என்று அதன் பெயராலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1957–58 வாக்கில் அங்கே பிறந்தது அம்பாஸிடர். மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் பிரசவ வேதனையிலிருந்த பெண்களையும் அரை நூற்றாண்டுக்குமேல் சுமந்துவிட்டு, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது; 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ நிறுவனத்தார் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது 1960-களின் தொடக்கத்தில் உத்தரபாராவை விட்டு வெளிவந்தது. சேனைக்கிழங்குக்குப் பேர்போன சாந்த்ராகாச்சியிலிருந்து அந்தத் தொழிற்சாலை அப்படியொன்றும் தூரமில்லை. ஆகையால் இங்கே ஒவ்வொரு பேட்டையிலும் அம்பாஸிடரை இருட்டிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவராவது இருப்பார். கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள், 15 வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டிகள் கூடாதென்ற விதியின்படி ஒவ்வொன்றாய் விடைபெற்றுக்கொண்டு வருவதால், அந்த வித்தை தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்வது மோட்டார் வாகனங்கள் தோன்றிய நாளிலிருந்தே இருந்துவந்த வசதி அல்ல. 1908 முதல் 1927 வரை லட்சக்கணக்கில் விற்ற ஃபோர்டு ‘டி’ மாடலில் டேங்க் பெரும்பாலும் முன் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. ஆசனத்தைத் தூக்கி, குச்சியை விட்டு, ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்ப்பதே அளவை. ஜெர்மானிய வோக்ஸ்வாகன் வண்டு வடிவக் காரிலும் 1960-களின் தொடக்கம் வரையில் மீட்டர் கிடையாது. என்ஜின் திணறினால் காலால் ஒரு குழாய்த் திருகைத் தள்ளி ரிசர்வுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். நம்மவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. திருவொற்றியூரில் தயாரான புல்லட் மோட்டார் சைக்கிளில் போகிறபோது, வண்டி துடிதுடிப்பதைக் கண்டு, ஓட்டிக்கொண்டே இடது கையால் தொடைக்கருகில் துழாவி ரிசர்வைத் திறந்த அனுபவம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே உண்டு.

கார் மீட்டரில் இந்தத் துழாவலுக்கு இடமில்லை. முள் சொல்லும், நாம் நம்புவோம். தமிழில் முள் என்கிறோம். வங்காளிகளும் இதை ‘காண்டா’, அதாவது முள், என்றே சொல்கிறார்கள். கடிகாரத்துக்கும் இரு மொழியிலும் அதே சொல்தான். குத்துகிற வஸ்துவின் பெயரை வழிகாட்டுகிற வஸ்துவுக்கு வைத்த இந்த ஒற்றுமையை எண்ணி அன்றிரவு நான் சிறிது ஆறுதல் அடைந்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். மீட்டரின் முள் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது தன் வழியாகப் பாயும் மின்சாரத்தை மட்டுமே. பெட்ரோலைத் தொட்டு அறிவது, வண்டியின் பின்கோடியில் டேங்க்குக்குள் கிடக்கும் ஒரு மிதவை. அந்த மிதவை ஒரு கம்பிக் கையின் நுனியில் இருக்கிறது. கையின் மறுநுனி, மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிய ஒரு சட்டத்தின்மேல் உராய்ந்து நகர்கிறது. பெட்ரோல் ஏற ஏற, இறங்க இறங்க, மின்சாரம் அந்தச் சுற்றுக்கம்பியில் கடக்கவேண்டிய தூரம் மாறுகிறது. தூரம் மாறினால் தடை மாறும். மிதவை, கை, சுற்றுக்கம்பி மூன்றும் சேர்ந்த இந்தத் தொகுதியை மெக்கானிக்குகள் ‘டேங்க் யூனிட்’ என்கிறார்கள். பாட்டரியிலிருந்து சாவி வழியாக, ஃப்யூஸ் வழியாக, மீட்டர் வழியாக, நீண்ட ஒற்றை வயரின் வழியாக டேங்க் யூனிட்டுக்கு வருகிற மின்சாரம், திரும்பிப் போவதற்குத் தனி வயர் கிடையாது. டேங்க்கின் இரும்பு உடல், அதை வண்டியோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகள், வண்டியின் சட்டம் என்று உலோகத்தின் வழியாகவே அது பாட்டரிக்குத் திரும்பவேண்டும். இதைத்தான் ‘எர்த்’ என்கிறார்கள். போகிற பாதை கண்ணுக்குத் தெரிகிறது, நிறம் பூசிய வயராக இருக்கிறது. திரும்புகிற பாதை எங்கும் பரவியிருப்பதனாலேயே யாருடைய ஞாபகத்திலும் இருப்பதில்லை. என் வண்டியின் வியாதிக்கு வேர் அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குள் நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று உண்டு.

மறுநாளே ட்ராம் ஏறி மல்லிக் பஜாருக்குப் போனேன். சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தவர்களுக்கு மல்லிக் பஜாரை வர்ணிக்கத் தேவையில்லை: கழற்றிய மோட்டார்களின் அங்கங்கள் கடைகடையாகத் தொங்கும் ராஜ்யம். முள் தப்பாகக் காட்டுகிறது, ஆகவே முள் கெட்டுவிட்டது என்னும் அபாரமான அனுமானத்தோடு, பழைய மீட்டர் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து, டேஷ்போர்டைப் பிரித்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். புதிதாய் வந்த முள்ளும் நேரே நிறைவுக் கோட்டுக்குப் போய், போனவனைப் போலவே அங்கே உட்கார்ந்துகொண்டது.

பிறகுதான் ராமராஜாதலா போகும் சாலையில் தகரக் கூரையின்கீழ் வேலை செய்யும் மிஸ்திரியிடம் போனேன். நான் அவரைத் ‘தாதா’ என்பேன். அவர் என்னைக் ‘காக்கு’ என்பார். அதாவது, நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர் என்னைச் சித்தப்பா என்று அழைக்கிறார். வங்காளத்தில் இந்த உறவுக்கணக்கு யாரையும் உறுத்துவதில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. “ஒரு மீட்டரைத் தண்டிப்பதற்கு முன்னால் அதை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம், காக்கு” என்றார். அந்தக் கேள்வி எதுவென்பதைச் சொல்வதற்குள், பழைய கார்களின் மீட்டர்களில் இரண்டு ஜாதி உண்டென்பதை வாசகர்கள் அறியவேண்டும். ஏனெனில் ஒரே கேள்விக்கு அவை இரண்டும் நேர்விரோதமான பதில்களைச் சொல்லும்.

முதல் ஜாதியில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று முள்ளைக் காலிப் பக்கம் இழுக்கிறது, மற்றொன்று நிறைவுப் பக்கம் இழுக்கிறது. நடுவில் ஒரு சிறு இரும்புத் துண்டு முள்ளோடு பிணைந்து, இரண்டு மாமியார்களுக்கு நடுவே அகப்பட்ட மருமகளைப்போல், எவள் பலமாக இழுக்கிறாளோ அந்தப் பக்கம் சாய்கிறது. டேங்க் யூனிட்டின் தடை குறைந்தால் நிறைவுச் சுருளுக்குப் போகவேண்டிய மின்சாரம் அந்தச் சுலபமான வழியில் நழுவிவிடும். முள் காலிக்குச் சாயும். தடை அதிகரித்தால் நிறைவுச் சுருள் பலம் பெறும். ஆகவே இந்த ஜாதியில் காலி டேங்க்குக்குத் தடை சில ஓம்களே. நிறைந்த டேங்க்குக்குச் சுமார் 70, 80 ஓம். வண்டிக்கு வண்டி சிறிது வித்தியாசப்படும். இதில் ஓர் அழகு என்னவென்றால், பாட்டரியின் வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு சுருள்களும் ஒருங்கே கூடிக் குறைவதால் முள் ஏமாறுவதில்லை. குறை, நிதானமின்மை. சேதுவின் ஏற்றத்தில் ஏறும்போது டேங்க்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் இந்த முள் உடனே நடுங்கும். வளைவில் திரும்பினால் தானும் திரும்பும்.

இரண்டாம் ஜாதி 1960-களில் பிரிட்டிஷ் வண்டிகளில் பரவி, அவற்றின் வழியே நம் நாட்டு வண்டிகளுக்கும் வந்தது. இதில் காந்தம் இல்லை, உஷ்ணமே இருக்கிறது. வெவ்வேறு அளவில் விரிகிற இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டவைத்து, அதைச் சுற்றிக் கம்பியை வரிந்திருப்பார்கள்; கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும், சூடேறினால் தகடு வளையும், வளைந்தால் முள் நகரும். கப்பல்கள் நடுக்கடலில் தம் இருப்பிடத்தைக் கணிப்பதற்காகக் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஜான் ஹாரிஸன் என்ற ஆங்கிலேயத் தச்சர், வெப்பத்தால் கடிகாரம் பிசகாமலிருக்க 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்ட யுக்தி இந்த இரட்டைத் தகடு. இருநூறு வருஷம் கழித்து அது நமது பெட்ரோலைக் கணக்கிட வந்து சேர்ந்தது. சூடு ஏற நேரம் பிடிக்குமாதலால் இந்த முள் சாவியைத் திருப்பியதும் துள்ளி எழாது; தூங்கி எழுந்தவரைப்போல மெதுவாக ஏறும். மேடுபள்ளத்தில் நடுங்குவதும் இல்லை. ஆனால் பாட்டரியின் வோல்ட்டேஜ் மாறினால் சூடும் மாறுமன்றோ? அதற்காக, ஏறத்தாழ 10 வோல்ட்டுக்கு மட்டுப்படுத்தும் ‘ஸ்டெபிலைசர்’ என்ற சிறு தகரப்பெட்டியை டேஷ்போர்டின் பின்னால் வைத்தார்கள். அதற்குள்ளும் ஓர் இரட்டைத் தகடுதான் இருக்கிறது: சூடேறி விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும், குளிர்ந்து மீண்டும் சேரும், இப்படி விட்டுவிட்டு விடுவதன் சராசரி 10 வோல்ட். இந்த ஜாதியில் தடைக்கணக்கு தலைகீழ்: காலியில் சுமார் 240 ஓம், நிறைந்தபோது 20, 30 ஓம்.

மிஸ்திரி கேட்ட கேள்வி இதுதான். மீட்டரின் பின்புறத்திலிருந்து டேங்க்குக்குப் போகும் வயரைக் கழற்றினார். மீட்டரின் அந்த முனைக்கும் வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புக்கும் இடையே ஒரு துண்டு வயரைப் பிடித்துவிட்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நிறைவிலேயே உட்கார்ந்திருந்த முள் சடாரென்று காலிக்கு விழுந்தது. துண்டு வயரை எடுத்தார். மீண்டும் நிறைவுக்கு ஏறியது. சுருள் ஜாதி மீட்டர் இப்படித்தான் பதில் சொல்லவேண்டும்: வயர் இரும்பைத் தொட்டால் காலி, தொங்கினால் நிறைவு. உஷ்ண ஜாதியாயிருந்தால், தொங்கும்போது காலியிலும், தொட்டால் மெள்ள நிறைவை நோக்கியும் போகும். அதில் வயரைத் தொடவைத்தபடியே வெகுநேரம் விட்டுவிடலாகாது, உள்ளேயுள்ள கம்பி வெந்துபோகும். முள் கிளம்புவதைக் கண்டதும் எடுத்துவிடவேண்டும். எந்த ஜாதியானாலும், இரண்டு கோடிக்கும் முள் ஒழுங்காகப் போய்வந்தால் மீட்டர் நிரபராதி. நான் மல்லிக் பஜாரில் கொடுத்த பணமும், பழைய மீட்டரைக் கழற்றும்போது கீறிக்கொண்ட விரலும் வியர்த்தம் என்பது அரை நிமிஷத்தில் நிரூபணமாயிற்று.

முள் இரண்டு கோடிக்கும் போகாமல் மௌனமாக இருந்திருந்தால்? அப்போது பின்பக்கம் போவதில் அர்த்தமில்லை. ஃப்யூஸைப் பார்க்கவேண்டும், பழைய வண்டிகளில் பெட்ரோல் மீட்டர் தனியாக ஃப்யூஸ் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தஸ்து பெற்றதல்ல, திரும்பும் விளக்கு, பிரேக் விளக்கு முதலியவற்றோடு பங்கிட்டுக்கொள்ளும், அவையும் எரியவில்லையென்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஃப்யூஸ் முழுசாக இருந்தும் அதன் கவ்விகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கக்கூடும். ஹௌராவின் மழைக்காலம் பித்தளையை அப்படித்தான் உபசரிக்கிறது. உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாலே பாதி வண்டிகள் பிழைத்துவிடும் என்பது மிஸ்திரியின் அனுபவம். உஷ்ண ஜாதி மீட்டர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பெட்ரோல் முள்ளும் என்ஜின் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளும் பெரும்பாலும் ஒரே ஸ்டெபிலைசரின் குழந்தைகள். இரண்டும் ஒரே சமயத்தில் தாழ்த்தியோ உயர்த்தியோ காட்டினால் டேங்க்கையும் ரேடியேட்டரையும் குடைய வேண்டியதில்லை. தாயைப் பார்த்தால் போதும். ஸ்டெபிலைசரின் பெட்டி இரும்போடு நன்றாகப் பொருந்தி எர்த் பெறாவிட்டால் மட்டுப்படுத்தும் வேலையையே அது விட்டுவிடும். பாட்டரியின் முழு வோல்ட்டேஜும் உள்ளே போய், இரண்டு முட்களும் இல்லாத செல்வத்தைக் காட்டும். அதன் வெளிவாயில் ஒரு டெஸ்ட் லாம்பை வைத்தால் விட்டுவிட்டு எரியவேண்டும். விடாமல் எரிந்தால் சந்தேகப்படலாம்.

என் வண்டியில் விசாரணை பின்பக்கத்துக்கு நகர்ந்தது. டேங்க்கில் வந்து முடியும் வயர், பிரிட்டிஷ் லூகாஸ் கம்பெனியின் வழக்கப்படி பச்சையில் கறுப்புக் கோடிட்டது. ஐந்தாறு கை மாறிய என் வண்டியில் அது நடுவழியில் சிவப்பாகி, பிறகு மஞ்சளாகி, டேங்க்கருகில் எந்த நிறமென்று சொல்லமுடியாத நிறத்தில் வந்து சேர்ந்திருந்தது. ஆனாலும் அறுபடவில்லை. மிஸ்திரி அடுத்து, டேங்க் யூனிட்டின் தலைத்தட்டுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே ஒரு நீள வயரைப் பிடித்தார். டேங்க் யூனிட்டின் அருகே பொறி பறக்கக்கூடாதென்பதற்காக, முதலில் டேங்க் பக்கத்து முனையை இறுக்கிவிட்டு, மறுமுனையைத் தூரத்தில் கொண்டுபோய்ச் சட்டத்தில் தொட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த நான், முள் இறங்கி, காலிக்குச் சற்றுமேலே, உண்மையில் டேங்க்கில் இருந்த சொற்பப் பெட்ரோலுக்கு ஏற்ற இடத்தில், பணிவோடு நிற்பதைக் கண்டேன்.

“டேங்க்குக்கு எப்போது பெயிண்ட் அடித்தீர்கள், காக்கு?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கார்த்திகையில் அடித்தேன். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1968 முதல் கல்கத்தாவில் நடத்திவரும் பழங்கார்களின் ஊர்வலத்தைப் பார்த்த நாள்முதல் விடாத உற்சாகத்தில், அடுத்த வருஷம் நாமும் கலந்துகொண்டால் என்ன என்னும் ஆசையால், துருப்பிடித்த டேங்க்கை இறக்கி, சுரண்டி, இரண்டு பூச்சுக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, கடகடவென்ற சத்தம் கேளாதிருக்க நாலு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து, போல்ட்டுகளின் அடியிலும் ரப்பர் வாஷர் போட்டு ஏற்றச் சொன்னவன் நான்தான். பெயிண்டும் ரப்பரும் மின்சாரத்தை விடமாட்டா. திரும்பும் பாதையை என் கையாலேயே அடைத்துவிட்டு, வழி தெரியாத மின்சாரத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். பாதை அடைபட்டால் சுருள் ஜாதி மீட்டர் அதைத் தடை மிகுதி என்று எண்ணி நிறைவைக் காட்டும். அது தன் தர்மப்படி நேர்மையாகவே நடந்துகொண்டது. உஷ்ண ஜாதியாயிருந்தால் காலியைக் காட்டி, என்னை நடுத்தெருவில் நிற்கவைக்காமல் காப்பாற்றியிருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டில் எது உத்தமம் என்ற வாதத்தில் அன்றுமுதல் நான் கட்சி மாறிவிட்டேன்.

பரிகாரம் பத்து நிமிஷ வேலை. டேங்க் யூனிட்டின் ஒரு திருகாணிக்கடியில் பெயிண்டைச் சுரண்டி, ஒரு தனி வயரை இறுக்கி, அதன் மறுமுனையைச் சட்டத்தில் பளபளவென்று தேய்த்த இடத்தில் போல்ட் போட்டு முறுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே சிறிது கிரீஸ் தடவியதோடு முடிந்தது.

மிஸ்திரி அத்தோடு விட்டுவிடாமல் டேங்க் யூனிட்டையும் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார். இதை வாசகர்கள் தாமே செய்துபார்க்க ஆசைப்படுவார்களாகையால், இங்கே நிதானித்து எழுதுகிறேன். பெட்ரோலைவிட அதன் ஆவி பொல்லாதது. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க், அதில் ஆவியே நிறைந்திருப்பதால், அதிக அபாயம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பையும் தேடிப்போகும். ஆகவே கூடத்துக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ இந்த வேலை கூடாது, வெட்டவெளியில்தான் செய்யவேண்டும்; பாட்டரியின் முனையைக் கழற்றியபிறகே டேங்க்கைத் தொடவேண்டும்; உள்ளே எட்டிப்பார்க்கத் தொங்குவிளக்கைக் கொண்டுபோகிறவர்களும், பீடியை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களும் இந்தப் பக்கமே வரவேண்டாம். பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்வது உசிதம். யூனிட்டைத் திருகாணிகளுக்குப் பதிலாகப் பூட்டு வளையத்தால் பூட்டியிருந்தால், அதைச் சுழற்ற இரும்பு உளியையும் சுத்தியலையும் எடுக்காமல், பித்தளைத் துண்டை வைத்துத் தட்டவேண்டும், பொறி பறக்காது.

வெளியே வந்த யூனிட்டைத் துடைத்து, டேங்க்கைவிட்டு நன்றாக விலகி வந்து, மல்டிமீட்டரை மாட்டி, மிதவையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினார். தடை சீராக ஏறி இறங்கவேண்டும். நடுவில் எண் திடீரென்று காணாமற்போனால் சுற்றுக்கம்பி அந்த இடத்தில் தேய்ந்து அறுந்திருக்கிறது. என் யூனிட்டில் மேல்பாதி புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. கீழ்க் கால்பாகம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. காரணத்தைக் கேட்டு நான் வெட்கப்படும்படி ஆயிற்று. ஒரு நாளும் டேங்க்கை நிரப்பாமல், ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்குமாகப் போட்டு ஓட்டுகிறவர்களின் மிதவை அந்த அடிமட்டத்திலேயே வாழ்நாளெல்லாம் உலாத்திக்கொண்டிருக்கும். கம்பியும் அங்கேதான் தேயும். எனக்கு முன்பு இந்த வண்டியை வைத்திருந்த ஐந்தாறு பேரும் என் சுபாவத்தவர்களே என்று தெரிந்ததில் ஒரு திருப்தி.

மிதவை பித்தளையாலான வெற்றுக்கூடு. மயிரிழை வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து, மிதக்கவேண்டியது மூழ்கிவிடும்; டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலியைவிட்டு எழாது. காதருகே வைத்துக் குலுக்கினால் களக்களக்கென்று கேட்கும். கேட்காவிட்டாலும், பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தில் அமுக்கிப் பார்த்தால், உள்ளேயிருக்கும் காற்று விரிந்து, வெடிப்பு உள்ள இடத்தில் குமிழி விடும். ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு துளி பெட்ரோல்கூட இல்லாமல் ஆவியாகிப் போனபிறகே சூட்டுக்கோலை நெருங்கவிடவேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களுக்குப் புதிய மிதவை வாங்குவதே சிலாக்கியம். திரும்பப் பூட்டும்போது பழைய தக்கை வாஷரைப் போடாமல் புதிதாகப் போட்டார் மிஸ்திரி. 2023 முதல் நம் நாட்டில் பரவிவரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தக்கையும் பழங்கால ரப்பரும் அவ்வளவாக ஈடுகொடுப்பதில்லை. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது, நாட்கணக்கில் நிறுத்திவைக்கிற வண்டிகளின் டேங்க்கில் துருவுக்கு அது வழிசெய்யும்.

எல்லாம் பூட்டியபின், முள்ளின் வாக்கைச் சோதித்து எழுதிவைக்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. டேங்க் 54 லிட்டர் கொள்ளும். பழைய கணக்கில் 12 காலன். சமதரையிலுள்ள பெட்ரோல் பங்க் ஒன்றில் ஐந்து லிட்டர் போடச் சொல்லி, மூடியை மூடி, வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திச் சாவியைத் திருப்பி, முள் நிற்குமிடத்தை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டு, மறுபடியும் வந்து ஐந்து லிட்டர் கேட்டபோது, பங்க் பையன் என்னை ஏதோ சர்க்கார் அதிகாரி என்று எண்ணி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டான். அட்டை நிறைந்தபோது தெரிந்தது, முள் அரையில் நிற்கும்போது டேங்க்கில் பாதி இல்லை, பாதிக்குச் சற்று மேலேயே இருக்கிறது. டேங்க்கின் வடிவம் செங்கல்போல் ஒழுங்கானதல்ல, மிதவைக் கை சுழல்வதோ வட்டத்தில், இரண்டும் சேர்ந்து கணக்கை இப்படி வளைக்கின்றன. இன்னொரு விசித்திரம்: முதல் ஐந்து லிட்டர் ஊற்றியபோது முள் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. மிதவை டேங்க்கின் அடியைத் தொடும்படியாகக் கம்பிக் கையைச் சிறிது வளைத்துவிட்டால் அந்தக் குறையும் நீங்கிவிடுமே என்று, அட்டையை எடுத்துக்கொண்டு மிஸ்திரியிடம் போய்க் காண்பித்தேன்.

அவர் அட்டையை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

“அந்த அஞ்சு லிட்டர் முள்ளுக்குத் தெரியாமலே இருக்கட்டும், காக்கு” என்றார்.